மின்னோட்டத்தின் உணவு

மாணவர் ஒருவர் ஒரு வினாவை எழுதியனுப்பியிருக்கிறார். விறகு, நிலக்கரி, எண்ணெய், நீர்வீழ்ச்சி, காற்று எனச் சக்தியின் ஊற்றுக்களை வரிசையாகக் கூறும் நூல்கள் மின்சாரத்தை அவ்வரிசையிற் சேர்க்காமல் விட்டுவிடுவதேன் என்பது அவர் வினா. நமது வீடுகளில் விளக்கெரிப்பதும், நீர் இறைப்பதும், சோறு சமைப்பதும் மின்சாரமாயிருக்க, அதனை மட்டும் ஊற்று அன்றென்று தள்ளிவைப்பது அவருக்கு நியாயமாகப் படவில்லை.

வினா சிறிதாயினும் எளியதன்று. மின்சாரம் சக்தியைச் சுமந்து செல்லும் ஊர்தியேயன்றிச் சக்தியைப் பிறப்பிக்கும் ஊற்றன்று என்று ஒரு வரியில் விடை சொல்லி முடித்துவிடலாம். ஆனால், இவ்வொரு வரியைக் கண்டறிய ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்களுக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன என்பதையும், அதற்கிடையிற் பலர் தம் பொருளையும் வாழ்நாளையும் வீணே செலவிட்டனர் என்பதையும் அறிந்தாலன்றி அவ்விடையின் பெறுமதி விளங்காது.

வீட்டில் நெடுநாள் மறந்துபோய்க் கிடந்த ரோச் விளக்கைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளிருந்த மின்கலத்தின் கூடு பொத்தலாகிப் பசை கசிந்து விளக்கையே அரித்திருத்தலைக் கண்டிருப்பர். பழைய வகைக் கலங்களில் அக்கூடு நாகத்தாலானது. (நாகம் என்றதும் இளைய வாசகர் அரவத்தை எண்ணற்க, இது துத்தநாகம் எனவும் வழங்கும் உலோகம்.) விளக்கு எரிந்த ஒவ்வொரு கணமும் அந்நாகம் உள்ளிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. அடுப்பிலிட்ட விறகு எவ்வாறு ஒட்சிசனுடன் கூடிச் சாம்பலாகிறதோ, அவ்வாறே நாகமும் புகையின்றிச் சுவாலையின்றிக் கலத்தினுள் மாற்றமடைந்தது. நாம் கண்ட ஒளி நாகத்தை உண்டு பிறந்த ஒளி. இன்று கடைகளிற் கிடைக்கும் காரக்கலங்களில் கூடு உருக்காயிருப்பினும் உள்ளே நாகம் தூளாக இருந்து இதே தொழிலைச் செய்கிறது. ஆராய்ச்சி ஆர்வத்தால் அவற்றை வெட்டித் திறக்க வேண்டா. உள்ளிருக்கும் காரம் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.

இத்தகைய கலத்தை முதன்முதல் ஆக்கியவர் இத்தாலி தேசத்துப் பேராசிரியர் அலெசாந்திரோ வோல்ட்டா. அவருக்கு வழிதிறந்தவர் பொலோஞா நகரத்து உடற்கூற்றறிஞர் லூயிசி கல்வானி. இறந்த தவளையின் காலை இருவேறு உலோகங்களால் தொட்டபோது அது துடித்ததைக் கண்ட கல்வானி, விலங்குடலிலேயே மின்சாரம் உறைகின்றதென 1791ஆம் ஆண்டில் நூலெழுதி வெளியிட்டார். வோல்ட்டா முதலில் அதை ஏற்றுப் பின்னர் மறுத்தார். தவளை வெறும் ஈரப்பொருள். மின்சாரம் பிறப்பது இரு உலோகங்களின் சேர்க்கையில் என்பது அவர் கட்சி. வாதம் நிகழ்ந்துகொண்டிருக்கையில் வட இத்தாலி நெப்போலியன் வசமாயிற்று. புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த கல்வானி தம் பதவியை இழந்து 1798ஆம் ஆண்டு திசம்பரில் மறைந்தார். வோல்ட்டாவோ சில ஆண்டுகளின் பின் பாரிசு சென்று அதே நெப்போலியன் முன்னிலையிற் பரிசோதனை செய்து காட்டிப் பொற்பதக்கமும் புகழும் பெற்றார். விஞ்ஞான வரலாற்றில் வென்றவர் தோற்றவர் என்று நாம் பிரித்துப் பேசுவது எவ்வளவு தூரம் நீதியாகும் என்பதை இங்கே சற்று எண்ணிப் பார்க்கலாம். ஏனெனில் நரம்பிலும் தசையிலும் மின்சாரம் உண்டென்ற கல்வானியின் கொள்கையும் பிற்காலத்தில் உண்மையென நிறுவப்பட்டது.

1800ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் தேதி, இலண்டன் இராயல் சங்கத் தலைவர் சேர் யோசேப்பு பாங்சுக்கு வோல்ட்டா ஒரு கடிதம் வரைந்தார். வெள்ளித் தகடு, நாகத் தகடு, உப்புநீரில் தோய்த்த அட்டை. மீண்டும் வெள்ளி, நாகம், அட்டை. இவ்வாறு ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய தூணின் இரு முனைகளையும் தொட்டால் ஓயாது மின்சாரம் பாய்வதை அதில் விளக்கினார். அதுகாறும் அறியப்பட்ட மின்சாரம் கண்ணாடியையும் கந்தகத்தையும் தேய்த்துப் பெற்ற பொறியே. தோன்றிய கணமே மறைவது. ஆறுபோல் தொடர்ந்தோடும் மின்னோட்டத்தை மனிதன் கண்டது அன்றுதான்.

ஆனால் அக்கடிதத்தில் ஒரு பெருந் தவறும் இருந்தது. இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே மின்னோட்டத்துக்குக் காரணமென வோல்ட்டா நம்பினார். தொடுதல் என்பது ஒருபோதும் தீர்ந்துபோகும் பொருளன்றே! ஆதலால் தம் தூண் என்றும் வற்றாததெனவும், செலவின்றி நிரந்தரமாக இயங்குமெனவும் அவர் கருதினார். தகடுகள் அரிக்கப்பட்டு நிறங்கெட்டுப் போவது அவர் கண்ணிற் படாமலில்லை. அதைத் தற்செயலான இடையூறென்றே கொண்டார். அதே 1800ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் அம்பிரி தேவி என்னும் இளைஞர், நாகத்தை ஒட்சியேற்றத் தக்க திரவம் இடையில் இருந்தாலன்றித் தூண் இயங்குவதில்லை எனச் சோதித்துக் காட்டினார். எனினும் தொடுகைக் கொள்கையினர் எளிதில் இணங்கவில்லை. ஒரு தலைமுறைக்கு மேலாக இருகட்சியாரும் வாதிட்டனர்.

செலவின்றிச் சக்தி கிடைக்கும் என்ற ஆசை மனிதர் உள்ளத்தில் எளிதில் அவிவதன்று. 1820இல் கோப்பன்கேகனில் ஏர்சுதெட்டு என்பார் மின்னோட்டம் காந்தவூசியை அசைப்பதைக் கண்டார். மறு ஆண்டிலேயே கொல்லன் மகனாகப் பிறந்து நூல்கட்டும் தொழில் பயின்ற மைக்கல் பரடே, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி செய்தார். சுழலும் கம்பியைச் சுழலும் சக்கரமாக்குதல் கைவினைஞருக்குக் கடினமா? கரியும் கொதிகலமும் புகையும் வேண்டாத எஞ்சின் வந்துவிட்டதென ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆரவாரம் எழுந்தது.

யக்கோபி என்பார் உருசிய மன்னரின் பணவுதவி பெற்று, 1838இல் நேவா நதியில் மின்னால் இயங்கும் படகொன்றைச் செலுத்தினார். சுகொத்துலாந்தின் அபடீன் நகரத்தவரான இராபட்டு தேவிட்சன் 1842இல் எடின்பரோ-கிளாசுகோ இருப்புப்பாதையில் ஒரு மின்வண்டியை ஓடவிட்டார். அதன் பெயர் என்ன தெரியுமா? கல்வானி! மணிக்கு 4 மைல் வேகத்தில் அது நகர்ந்தது. வழியில் நடந்து செல்பவரும் சிறிது முயன்றால் அதை முந்திவிடலாம். அமெரிக்காவில் சாள்சு பேச்சு என்பவருக்கு அந்நாட்டுக் காங்கிரசு 20,000 தொலர் வழங்கியது. 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் 29ஆந் தேதி அவருடைய வண்டி வாசிங்டனிலிருந்து பிளேடன்சுபேக்குப் புறப்பட்டு ஒரு கட்டத்தில் மணிக்கு 19 மைல் வேகத்தையும் எட்டியது. ஆனால் வண்டியின் குலுக்கலில் மின்கலங்களின் மட்பாண்டத் தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன, அமிலங்கள் கலந்தன, முயற்சி அதனோடு முடிந்தது.

கலங்களை வன்மையாகச் செய்திருந்தால் இவர்கள் வென்றிருப்பரோ? இல்லை. வெல்லவியலாது என்பதைப் பேச்சின் வண்டி ஓடுவதற்குப் பத்தாண்டுகளின் முன்னரே ஒருவர் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அவர் பேராசிரியரல்லர், மன்செசுற்றர் நகருக்கு அருகே சோல்போட்டிற் பிறந்த, மதுவடிசாலை உரிமையாளரின் மகன். பெயர் யேம்சு பிரெசுக்கொட்டு யூல்.

யூலும் முதலில் இதே கனவுக்கு ஆட்பட்டவரே. இருபது வயதளவில் தாமே மின்மோட்டர்களை ஆக்கி, நீராவிக்குப் பதிலாக மின்காந்தம் ஆலைகளை இயக்கும் காலம் வருமென உறுதியாக நம்பினார். மற்றையோருக்கும் அவருக்கும் வேற்றுமை யாதெனில், அவர் நம்பியதோடு நில்லாது நிறுத்தும் பார்த்தார். வணிகக் குடும்பத்துப் பிள்ளையாதலின் போலும், ஒரு பொருளைப் பார்த்தவுடன் அதற்குச் செலவென்ன, வரவென்ன என்றே அவர் மனம் கேட்டது. மோட்டர் எவ்வளவு பாரத்தை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குகிறது என்பதை ஒரு பக்கத்திலும், அவ்வேளையில் மின்கலத்தில் எவ்வளவு நாகம் கரைகிறது என்பதை மறுபக்கத்திலும் எழுதினார்.

1841இல் அவர் வெளியிட்ட கணக்கு இது. ஓர் இறாத்தல் நாகம் கரைந்தால், அவருடைய எஞ்சின் ஏறக்குறைய 331,400 இறாத்தல் பாரத்தை ஓரடி உயர்த்தக்கூடும். கோண்வால் சுரங்கங்களில் நீரிறைத்த சிறந்த நீராவியெஞ்சினோ ஓர் இறாத்தல் நிலக்கரியை எரித்து 1,500,000 இறாத்தலை ஓரடி உயர்த்தியது. அஃதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. நிலக்கரி நிலத்தினின்றும் வெட்டியெடுத்தவாறே எரிப்பதற்காகும். நாகத்தையோ தாதுவிலிருந்து பிரித்தெடுப்பதற்கே பெருமளவு கரியை எரித்தல் வேண்டும். அதன் மேல் அமிலத்தின் விலையும் கலங்களைப் பேணும் செலவும் உண்டு. கரியை எரித்து நாகத்தைப் பெற்று, அந்நாகத்தைக் கரைத்து வண்டியோட்டுவது, நெல்லை விற்று அவல் வாங்கி, அவலை விற்று அரிசி வாங்குவது போன்றதாகும். மின்காந்த எஞ்சின் சிக்கனமான இயக்கவலுவாகும் என்பதில் தமக்கு நம்பிக்கை அற்றுப்போகிறதென யூல் வெளிப்படையாகவே எழுதினார்.

தம் கனவு பொய்யெனக் கண்டவர் பலர் அவ்விடத்திலேயே சோர்ந்து அமர்ந்துவிடுவர். யூலின் பெருமை அதன் பின்னரே தொடங்குகிறது. நாகம் கரைந்தால் வேலை பிறக்கிறது. கரி எரிந்தாலும் வேலை பிறக்கிறது. மின்னோட்டம் கம்பியிற் பாய்ந்தால் வெப்பம் பிறக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஒரே நாணயமாற்று விகிதம் இருத்தல் வேண்டுமன்றோ? 1843இல், கீழிறங்கும் பாரத்தினால் காந்தங்களினிடையே ஒரு சுருளைச் சுழற்றி, அதிற் பிறந்த வெப்பத்தை நீரிலே அளந்தார். பின்னர் மின்சாரத்தையே விட்டுவிட்டு, நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றியும் அளந்தார். ஓர் இறாத்தல் நீரைப் பரனைற்று அளவையில் ஒரு பாகை சூடாக்க வேண்டின் 772 இறாத்தலை ஓரடி இறக்கும் வேலை தேவை என்பது அவர் முடிவான கணிப்பு. இன்றைய அளவை 778. மதுவடிசாலைக்காரர் மகனின் வெப்பமானிக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டுமோ?

இதன்படி அருவி நீர் மேலிருப்பதைவிடக் கீழே சிறிது சூடாயிருத்தல் வேண்டும். 160 அடி விழும் நயாகரா நீர் ஒரு பாகையில் ஐந்திலொரு பங்கு சூடேறும் என 1845இலேயே யூல் கணித்தெழுதினார். இரண்டாண்டுகளின் பின் ஒக்சுபோட்டில் நடந்த அறிஞர் கூட்டத்தில் அவரைக் கவனித்துக் கேட்டவர் வில்லியம் தொம்சன் என்ற இளம் பேராசிரியர். அதன்பின் சில கிழமைகளில் அல்ப்சு மலைச் சாரலில் நடந்து சென்ற தொம்சன், எதிரே யூல் வருவதைக் கண்டார். யூல் புதிதாக மணம்புரிந்து மனைவியுடன் உலாப் போந்திருந்தார். கையிலே நீண்டதொரு வெப்பமானி! அருவிகளின் நீரைச் சோதிப்பதற்காம். இதைப் பிற்காலத்தில் தொம்சனே நினைவுகூர்ந்தார். இருவரும் ஓர் அருவியில் முயன்றும் பார்த்தனர். நீர் திவலையாய்ச் சிதறியதால் அளவை கைகூடவில்லை. மணப்பெண் என்ன நினைத்தார் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

இனி மின்னோட்டத்துக்கு மலிவான உணவு கிடைத்த வரலாறு. அது யூலின் கணக்குக்குப் பத்தாண்டுகளின் முன்னரே பரடேயின் மேசையில் ஆயத்தமாயிருந்தது. 1831ஆம் ஆண்டு ஓகத்து 29ஆந் தேதி இரும்பு வளையமொன்றில் இரு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடக்கியபோதும் நிறுத்தியபோதும் மற்றதிலும் ஓட்டம் எழுவதைப் பரடே கண்டார். ஒத்தோபர் மாதத்தில் காந்தத்தைச் சுருளினுள் நுழைத்தும் எடுத்தும் மின்னோட்டம் பெற்றார். பின்னர் பெரிய காந்தமொன்றின் முனைகளினிடையே செப்புத் தட்டைச் சுழற்றி இடையறாத ஓட்டமும் பெற்றார். இங்கே கரையும் உலோகம் எதுவுமில்லை. செம்பு செம்பாகவே இருக்கிறது. காந்தம் காந்தமாகவே இருக்கிறது. உண்ணப்படுவது தட்டைச் சுழற்றும் கையின் உழைப்பு ஒன்றே. கைக்குப் பதிலாக நீராவியெஞ்சின் சுழற்றினால் மின்னோட்டத்தின் உணவு மலிவான நிலக்கரியாகிவிடும்.

இத்துணை எளியதாயிருந்தும் அதை நடைமுறைக்குக் கொணர அரை நூற்றாண்டு சென்றது. பாரிசில் பிக்சி 1832இலேயே கையாற் சுழற்றும் பொறியைச் செய்தார். 1858ஆம் ஆண்டு திசம்பரில் இங்கிலாந்தின் தென் போலந்துக் கலங்கரைவிளக்கில், நீராவியாற் சுழலும் ஓமிசு என்பாரின் பொறி ஒளி தந்தது. அப்பொறியைச் சோதித்து அறிக்கை எழுதியவர் முதுமையுற்ற பரடேயே. நிலையான காந்தங்களுக்குப் பதில் பொறி தன் மின்னோட்டத்தாலேயே தன் காந்தத்தை வலுப்படுத்தும் தைனமோ முறையை 1866, 1867ஆம் ஆண்டுகளில் சீமென்சு, வீற்சுதன், வாளி ஆகியோர் தனித்தனியே கண்டனர். 1873இல் வியன்னாக் கண்காட்சியில், சுழன்றுகொண்டிருந்த கிராம் தைனமோவொன்றின் கம்பிகளை மற்றொன்றோடு இணைத்தபோது, அம்மற்றது தானே மோட்டராகச் சுழலத் தொடங்கிற்று. ஓரிடத்து எஞ்சினின் உழைப்பு கம்பிவழியே வேறோரிடத்துச் சக்கரத்தைச் சுழற்றியது. யூல் கைவிட்ட மின்மோட்டர் நாகத்தின் தளையினின்றும் விடுபட்டுப் புத்துயிர் பெற்றது இவ்வாறே.

எடிசன் 1882ஆம் ஆண்டு செத்தெம்பர் 4ஆந் தேதி நியூயோக்கின் பேள் வீதியில் திறந்த நிலையம் கரியை உண்டது. அதே மாத இறுதியில் விசுக்கொன்சின் மாகாணத்து அப்பிள்தனில் சிறு நிலையமொன்று ஆற்றுநீரால் இயங்கியது. நயாகராவைப் பயன்படுத்தும் வழிவகைகளை ஆராய 1890இல் அமைந்த சர்வதேசக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார்? அல்ப்சில் வெப்பமானியோடு வந்தவரைச் சந்தித்த அதே தொம்சன்தான். ஆடலோட்டத்தை ஏற்கலாகாதென அவர் 1893இல் எச்சரித்தது பலிக்கவில்லை. தெசலாவின் ஆடலோட்ட முறையே கொள்ளப்பட்டது. 5,000 குதிரைவலுப் பொறிகள் 1895இல் அங்கே இயங்கின. 1896ஆம் ஆண்டு நவம்பரில் 20 மைலுக்கு அப்பாலுள்ள பஃபலோ நகருக்கு மின்சாரம் சென்றது. ஐந்திலொரு பாகை வெப்பமாக வீணே கரைந்துகொண்டிருந்த சக்தி வீதிவண்டிகளை ஓட்டிற்று.

நயாகராவின் செய்தி நம் தீவிலும் ஒருவர் சிந்தையைத் தொட்டிருத்தல் வேண்டும். நிலக்கரியோ எண்ணெயோ அற்ற இலங்கை, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளாலேயே மின்சாரம் பெறலாமெனப் பொறியியலாளர் டி. யே. விமலசுரேந்திரா 1918இல் கட்டுரை படித்தார். இலட்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதுவரையும் நம் விளக்குகள் பெரும்பாலும் கப்பலில் வந்த எரிபொருளையே உண்டன. விமலசுரேந்திரா தம் கனவு ஒளிர்வதைக் கண்டு 1953இற் காலமானார்.

அவ்வுணவுக் கணக்கு பழங்கதையன்று என்பதை 2022ஆம் ஆண்டு நம் பிள்ளைகளுக்கும் காட்டியது. நீர்த்தேக்கங்களில் நீர் குறைந்து, எண்ணெயும் கரியும் வாங்க அந்நியச் செலாவணியும் இல்லாதொழிந்த அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. கம்பிகள் அறுந்திலவாயினும், சுழலிகள் பழுதடைந்திலவாயினும், உணவில்லாமையால் மின்னோட்டம் நின்றது. மெழுகுதிரி வெளிச்சத்திற் படித்த மாணவருக்கு ஊற்றுக்கும் ஊர்திக்குமுள்ள வேற்றுமையை எந்தப் பௌதிக நூலும் அதைவிடத் தெளிவாகக் கற்பித்திருக்கமாட்டாது.

மன்னார்த் தீவின் கடலோரத்தில் 2020ஆம் ஆண்டு திசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகள் 103.5 மெகாவாற்று வலுவுடையன. அவற்றின் உச்சியிலும் பரடே கண்ட முறையிலேயே காந்தமும் சுருளும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, உணவோ பருவக்காற்று. அது விலையின்றிக் கிடைப்பது. ஆனால் நாம் விரும்பும் வேளையில் வருவதன்று. காற்று மிகுந்தபோது சேர்த்துவைத்துக் காற்றில்லாதபோது எடுப்பதற்கு மீண்டும் மின்கலத்தையே நாடவேண்டியிருக்கிறது. உண்ட உலோகத்தை மீண்டும் பழைய நிலைக்கே கொணரத்தக்க ஈயக்கலத்தை 1859இற் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் காசுதோன் பிளாந்தே. மோட்டார் வண்டியிலிருக்கும் பற்றரிக்கு அதுவே மூதாதை. அதைப் பற்றி அடுத்த கிழமை எழுதுவேன்.